அடுத்த பஞ்சர் கடை வரைக்கும்

என் பிக்கப் வண்டியின் நாலு சக்கரமும் 215/75 ஆர் 15. பாடிக்கு அடியில் தொங்குகிற ஸ்டெப்னி 195/80 ஆர் 15. வண்டியைக் கைமாற்றி வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது. முன்பு வைத்திருந்தவர் லோடு கூட ஏற்றலாம் என்று அகல டயருக்கு மாறியிருக்கிறார். அஞ்சாவது டயருக்குக் காசு போட அவருக்கு மனசு வரவில்லை, எனக்கும் வரவில்லை. தூத்துக்குடி – திருச்செந்தூர் ரோட்டில் ஓடும் லோடு வண்டிகளைக் குனிந்து பார்த்தால் இதே கதையைப் பலவற்றில் பார்க்கலாம். நாலு ஒரு ஜாதி, ஒன்று வேறு ஜாதி.

இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடலாம். நான் அப்படி நினைக்கவில்லை. இதற்குப் பின்னால் நீண்ட சரித்திரம் இருக்கிறது. அதில் பாதி எங்கள் கொற்கைப் பக்கத்துச் சரித்திரம்.

புறநானூற்றின் 102ஆம் பாட்டு ஔவையார் பாடியது. அதியமான் மகன் பொகுட்டெழினியைப் புகழ்கிற பாட்டு. அதில் ஓர் உப்பு வண்டி வருகிறது. மாடுகள் இளசு, நுகம் பழகாதவை. பாரமோ அதிகம். போகிற வழி பள்ளத்தில் இறங்குமோ மேட்டில் ஏறுமோ, யாருக்கும் தெரியாது. அதனால் உமணர்கள் வண்டியின் அடிமரத்தில் இன்னொரு அச்சையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு புறப்படுகிறார்கள். அதற்குச் சேம அச்சு என்று பெயர். எழினி அந்த அச்சு போன்றவன் என்கிறார் ஔவை. புலவர்கள் எழினியைப் பார்ப்பார்கள். வண்டி ஓட்டுகிறவன் அச்சைத்தான் பார்ப்பான். அது கட்டப்பட்டிருக்கும் இடத்தைக் கவனிப்பான். வண்டிக்கு அடியில். இன்றைக்கும் என் ஸ்டெப்னி தொங்குகிற இடம் அதுதான்.

உமணர் என்பவர்கள் கடற்கரை உப்பை உள்நாட்டுக்குக் கொண்டுபோய் நெல்லுக்கு மாற்றியவர்கள். ஒற்றை வண்டியாகப் போகமாட்டார்கள். வரிசை வரிசையாக, பெண்டு பிள்ளைகளோடு போவார்கள். அவர்கள் கொற்கைக்கும் வந்து போனதைச் சிறுபாணாற்றுப்படை சொல்கிறது. உப்பு வண்டிகளோடு வந்த ஒரு பெண் குரங்கு, சிப்பிக்குள் முத்துகளைப் போட்டு மூடிக் கிலுகிலுப்பையாக ஆட்டிக்கொண்டு உமணர் பிள்ளைகளோடு விளையாடுகிறது. கொற்கை என்றாலே எல்லாரும் முத்தைத்தான் பேசுவார்கள். அந்த முத்துக்குப் பக்கத்திலேயே வண்டி நிற்கிறது.

ஏன் சேம அச்சு? ஏன் சேமச் சக்கரம் இல்லை? மரச் சக்கரத்தை அறிந்தவர்களுக்கு இது விளங்கும். நடுவில் குடம், அதிலிருந்து ஆரக்கால்கள், சுற்றி வட்டை. வட்டையில் ஒரு துண்டு விட்டுப்போனால் கயிறோ தோலோ கொண்டு இறுக்கி மெள்ள ஓட்டிப் போகலாம். ஒரு ஆரக்கால் முறிந்தாலும் மற்றவை கொஞ்ச தூரம் தாங்கும். மர அச்சு முறிந்தால் அப்படியே உட்கார வேண்டியதுதான். வண்டி நின்றுபோவதற்கு எது காரணமாகுமோ அதைத்தான் உபரியாக எடுத்துப்போனார்கள். அது சும்மா ஒரு கட்டையாகவும் இருக்க முடியாது. இரண்டு பக்கக் குடத்துக்கும் பொருந்தும்படி ஊரிலேயே இழைத்து எடுத்துவந்த அச்சாக இருந்தால்தான் வழியில் உதவும். ஏனென்றால் வழியில் தச்சன் கிடையாது. பாலை, காடு, மலையடிவாரம் என்று பல நாள் பயணம். அடுத்த கைவினைஞன் எந்த ஊரில் இருப்பான் என்று தெரியாதவன் சரியான அளவில்தான் சேமம் வைத்துக்கொள்வான்.

இதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளலாம். உதவி எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, அந்த அளவுக்குச் சேமம் ஒழுங்காக இருக்கும். உதவி பக்கத்தில் வர வர, சேமம் அரைகுறையாகும். இந்தக் கரையின் வண்டிச் சரித்திரம் முழுக்க இதுதான் நடந்திருக்கிறது.

கொற்கை இன்றைக்குக் கடற்கரையில் இல்லை. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கடல் ஏழு கிலோமீட்டர் போல விலகிப்போய்விட்டது. ஊரைச் சுற்றி வாழையும் நெல்லும். பழைய வன்னிமரம் ஒன்று நிற்கிறது. பக்கத்துச் சிற்றூருக்கு அக்கசாலை என்று பெயர். ஒரு காலத்தில் காசு அடித்த இடம். இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் பாதிரியார், கிரேக்கர்கள் எழுதிவைத்த கொல்கி இந்த ஊர்தான் என்று காட்டியவர். இங்கே தோண்டியும் பார்த்தார். தமிழ்நாடு தொல்லியல் துறை 1968–69இல் செய்த அகழாய்வில் கிடைத்த கரித்துண்டைச் சோதித்தபோது கி.மு. 785 என்று காலம் வந்தது.

கடல் விலகியதும் கப்பல்கள் கொற்கையை விட்டுக் காயலுக்குப் போயின. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ பார்த்தது காயலை. அதுவும் மணலேறிப்போகப் புன்னைக்காயல், பிறகு தூத்துக்குடி. போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் வந்தார்கள், டச்சுக்காரர்கள் 1658இல் பிடித்தார்கள், கடைசியில் ஆங்கிலேயர். துறை நகர்ந்தபோதெல்லாம் வண்டித் தடமும் கூடவே நகர்ந்தது. கோவில்பட்டி, விருதுநகர் கரிசலில் விளைந்த பருத்தி மாட்டு வண்டிகளில் தூத்துக்குடிக்கு வந்தது. கரையோரம் ஆழம் போதாததால் பெரிய கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். தோணிகள்தான் சரக்கைக் கொண்டுபோய் ஏற்றும். கரையில் வண்டி, கடலில் தோணி என்று இந்த ஊரின் வியாபாரமே இரண்டு தவணையாக நடந்தது.

1876இல் ரயில் பாதை தூத்துக்குடியைத் தொட்டது. நெடுந்தூரப் பாரத்தை ரயில் வாங்கிக்கொண்டதும் மாட்டு வண்டி குறுந்தூரத்துக்கு ஒதுங்கியது. உப்பளத்திலிருந்து ஸ்டேஷன், ஸ்டேஷனிலிருந்து கிட்டங்கி, கிட்டங்கியிலிருந்து துறை. இந்த வண்டிகளுக்கு அடியில் சேம அச்சு கட்ட வேண்டிய அவசியம் இல்லை. தெருமுனையில் தச்சாசாரி இருந்தார், கொல்லுப்பட்டறை இருந்தது. இருசு என்கிற அச்சும் மரத்திலிருந்து இரும்புக்கு மாறிவிட்டது. வண்டிக்கு அடியில் இப்போது தொங்கியது வண்டி மை வைத்த மூங்கில் குழாய்தான். உமணன் கட்டிக்கொண்டுபோன சேமம் இந்த இடத்தில் ஒருமுறை மறைந்தது.

சேமத்தை வேறு விதமாகத் தேடியவர் ஒருவர் அதே ஊரில் இருந்தார். வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தபோது கம்பெனிக்குச் சொந்தக் கப்பல் இல்லை. வாடகைக்கு எடுத்த கப்பல்களை வைத்துத் தொடங்கினார். ஆங்கிலக் கம்பெனியின் நெருக்கடியால் அந்த வாடகைக் கப்பல்கள் கைவிட்டுப்போனதும் இலங்கையிலிருந்து வேறொரு கப்பலை வாடகைக்குப் பிடித்துவந்து கொழும்பு ஓட்டத்தை நிற்காமல் பார்த்துக்கொண்டார். காலியா, லாவோ என்ற சொந்தக் கப்பல்கள் அப்புறம்தான் வந்து சேர்ந்தன. பொருந்துகிறதோ இல்லையோ, சொந்தமானது வரும்வரை ஓட்டம் நிற்கக்கூடாது என்பதை எங்கள் ஊரில் முதலில் செய்து காட்டியவர் அவர்தான்.

ஏறக்குறைய அதே நேரத்தில் வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரில் ஒரு காரியம் நடந்தது. அங்கே ஸ்டெப்னி தெருவில் பட்டறை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் 1904 வாக்கில் ஒரு மாற்றுச் சக்கரம் செய்தார்கள். அப்போதைய கார்களில் சக்கரத்தைச் சுலபமாகக் கழற்ற முடியாது. பஞ்சரானால் நடுரோட்டில் டயரைப் பிரித்து, டியூபை உருவி, ஒட்டி, மறுபடி திணிக்க வேண்டும். டேவிஸ் சகோதரர்கள் செய்தது ஆரக்கால் இல்லாத வெறும் ரிம், அதன்மேல் காற்றடித்த டயர். பஞ்சரான சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம். அதன் பக்கவாட்டில் இதை வைத்துக் கொக்கிகளால் இறுக்கிவிட்டால் போதும். பழைய சக்கரம் உள்ளே சும்மா சுற்றும், பாரத்தைப் புதிய ரிம் தாங்கும். ஆக உலகத்தின் முதல் ஸ்டெப்னியே வண்டியின் மற்ற சக்கரங்களைப் போல இருந்ததில்லை. வீடு போய்ச் சேர்வதற்கு மட்டும் செய்த அரைச் சக்கரம் அது. உதவி நடக்கிற தூரத்தில் இல்லை, ஆனால் ஓட்டிப் போகிற தூரத்தில் இருக்கிறது என்ற காலத்துக்கு ஏற்ற சேமம்.

லாரிகள் வந்தபின் நிலைமை கொஞ்சம் மாறியது. இரண்டாம் உலகப் போரில் 1942இல் ஜப்பான் மலேயாவைப் பிடித்ததும் ரப்பருக்குத் தட்டுப்பாடு வந்தது. பெட்ரோலுக்கும் தட்டுப்பாடு, தமிழ்நாட்டில் கரி பஸ் ஓடிய காலம் அது. டயர் கிடைக்காத காலத்தில் பழகிய சிக்கனம் போர் முடிந்தபிறகும் போகவில்லை. சென்னை திருவொற்றியூரில் 1946இல் பலூன் செய்யத் தொடங்கிய ஒரு சிறு பட்டறை, 1952இல் டிரெட் ரப்பர் செய்யத் தொடங்கியது. தேய்ந்த டயரின் மேல் புதுப் பட்டன் ஒட்டுவதற்கான ரப்பர். அந்தப் பட்டறைதான் பின்னால் எம்.ஆர்.எஃப். ஆனது. அந்தக் கம்பெனி டயரே செய்ய ஆரம்பிப்பதற்கு முன்னால் தேய்ந்த டயருக்கு மறுவாழ்வு கொடுத்துத்தான் வளர்ந்தது.

உப்பு லாரிகளில் இந்த மறுவாழ்வு ஒரு படிக்கட்டு மாதிரி நடக்கும். புது டயர் முன்னால். பட்டன் தேய்ந்ததும் ரீட்ரெட் செய்து பின்னால். அதுவும் மொட்டையானால் ஸ்டெப்னி. ஸ்டெப்னிக்கும் லாயக்கில்லை என்றால் டயர் வண்டிக்கு, அதாவது ரப்பர் டயர் மாட்டிய மாட்டு வண்டிக்கு. டயர் வண்டியில் இரண்டு சக்கரமும் தனித்தனியாகச் சுற்றும். ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு என்றால் பாரம் ஒரு பக்கம் சாயுமே தவிர வேறு சேதம் இல்லை.

லாரியில் அப்படி விட முடியாது. பின்னால் ஒரு பக்கத்துக்கு ஜோடி டயர். ஜோடியில் ஒன்று உயரமாக இருந்தால் மொத்தப் பாரமும் அதன் தலையில் விழும். அது சூடாகி வெடிக்கும், குள்ளமானது ரோட்டில் உரசி வீணாய்த் தேயும். அதனால் பழைய கிளீனர்கள் ஒரு நேரான கம்பை ஜோடி டயரின்மேல் குறுக்கே வைத்துப் பார்ப்பார்கள். கம்புக்கும் டயருக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தால் அந்த டயர் ஜோடிக்கு ஆகாது. பிறகு ஜாக்கி லிவரால் ஒவ்வொரு டயரையும் தட்டுவார்கள். காற்று நிறைந்த டயர் ‘டங்’ என்று லிவரைத் திருப்பி எறியும். இறங்கியது ‘தொப்’ என்று வாங்கிக்கொள்ளும்.

உப்பு லாரியின் ஸ்டெப்னிக்கு இன்னொரு சத்துரு உண்டு. வேம்பாரிலிருந்து ஆறுமுகநேரி வரைக்கும் உப்பளங்கள். அம்பாரத்திலிருந்து எடுத்து ஏற்றிய உப்பிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டே வரும். பாடிப் பலகை இடுக்கு வழியாக அது சொட்டுகிற இடம் ஸ்டெப்னி. ரிம் செதில் செதிலாக உரியும். தொங்கவிட்ட போல்ட்டில் நட்டு துருவேறி ஒட்டிக்கொள்ளும். தேவைப்படும்போது கழற்றினால் வராது; வீல் ஸ்பேனர்மேல் ஏறி நின்று மிதித்தாலும் வராது. கருக்கல் நேரத்தில் இது நடந்தால் டிரைவர் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் உப்பையே திட்டுவார். விவரம் தெரிந்தவர்கள் மாதம் ஒருமுறை நட்டைக் கழற்றி கிரீஸ் தடவி மாட்டிவைப்பார்கள்.

புதுத் துறைமுகம் கட்டி 1974இல் தூத்துக்குடி பெரிய துறைமுகமானது. 1986இல் டாடா 407 வந்தது. 2005இல் டாடா ஏஸ். எங்கள் ஆட்கள் வாயில் அது குட்டியானை. பிறகு விதவிதமான பிக்கப்புகள். முன்பு ரோட்டில் ஓடிய லாரிகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஒருவன் நின்றால் இன்னொருவன் ஸ்டெப்னியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போவான், மறுநாள் லாரி செட்டில் வாங்கிக்கொள்வான். சின்ன வண்டிகள் வந்தபின் அந்தப் பழக்கம் குறைந்துபோயிற்று. குட்டியானையின் 12 அங்குலச் சக்கரம் 15 அங்குல வண்டிக்கு ஆகாது. 15க்கு 15 ஆனாலும் நட்டுத் துளைகள் ஒத்துப்போக வேண்டும். கடன் கேட்கிற வழி அடைபட்டது. அதே சமயம் பஞ்சர் கடைகள் பெருகின. முத்தையாபுரம், முள்ளக்காடு, பழையகாயல், முக்காணி, ஆத்தூர் என்று ஊருக்கு ஊர் கம்பிரசர் சத்தம். டியூப்லெஸ் வந்ததும் சக்கரத்தைக் கழற்றாமலே திரி சொருகிவிடுகிறார்கள். அஞ்சாவது டயருக்கு யாரும் காசு போடாததற்கு இதுதான் காரணம். கருமித்தனம் ஒரு பங்கு என்றால் பஞ்சர் கடை மூன்று பங்கு.

அளவு மாறினால் என்ன ஆகும் என்பதைக் கணக்காகவே சொல்லிவிடலாம். 215/75 டயரின் விட்டம் 703 மி.மீ. சொச்சம், 195/80 டயருக்கு 693. பத்து மில்லிமீட்டர்தான் வித்தியாசம், கண்ணுக்குத் தெரியாது. ஒரு கிலோமீட்டருக்குப் பெரியது 452 சுற்று போல சுற்றும், சின்னது 459. தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் சுமார் 40 கி.மீ.; அதற்குள் சின்னச் சக்கரம் 270 சுற்றுக்கு மேல் கூடுதலாக ஓடியிருக்கும். இரண்டும் பின்னால் இருந்தால் இந்த வித்தியாசத்தை டிஃபரன்ஷியல்தான் விழுங்க வேண்டும். 1827இல் பிரான்சில் பெக்கர் என்பவர் நீராவி வண்டிக்காகக் கண்டுபிடித்த ஏற்பாடு அது. வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும் என்பதால் உள்ளே இருக்கிற சின்னப் பற்சக்கரங்கள் சுழன்று சரிக்கட்டும். நேர்ரோட்டில் அவற்றுக்கு ஓய்வு. அளவு மாறிய டயரை மாட்டினால் நேர்ரோட்டிலும் ஓய்வு கிடையாது. பத்து இருபது கிலோமீட்டருக்கு ஒன்றும் ஆகாது. அதுவே நிரந்தரமானால் ஆயில் சூடாகும், பல் தேயும்.

அப்படியானால் முன்னால் மாட்டுவதா? 2023 டிசம்பர் வெள்ளத்தில் இந்த விவாதத்தை நான் நேரிலேயே கேட்டேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய வெள்ளம் அது. ஏரல் தத்தளித்தது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்றுபோனது. தண்ணீர் வடிந்ததும் அரிசியும் குடிதண்ணீர்க் கேனும் ஏற்றி பிக்கப்புகள் போய்வந்தன. ரோட்டில் தகரமும் ஆணியும் கண்ணாடித் துண்டும். பஞ்சர் கடைகளெல்லாம் சேற்றுக்குள். எனக்கு முன்னால் போன பையன் ஒருவனுக்குப் பின் டயர் கிழிந்து போயிற்று; அவனிடம் ஸ்டெப்னியே இல்லை. என்னுடையதைக் கழற்றி வைத்துப் பார்த்தோம், துளைகள் ஒத்துவந்தன. பின்னால் மாட்டப்போனவனைப் பக்கத்தில் நின்ற, உப்பு லாரி ஓட்டி ஓய்ந்த ஒரு பெரியவர் தடுத்தார்.

“ஏல தம்பி, அதப் பின்னால மாட்டாத. முன் டயர கழத்திப் பின்னால போடு. இத முன்னால போடு.”

“ரெண்டு தடவ ஜாக்கி வைக்கணுமே அண்ணாச்சி.”

“வைக்கத்தான் செய்யணும். பாரம் எங்கன இருக்கு? பின்னாலதான? பழைய டயரு, சின்ன டயரு, அதுமேல ஒரு டன்ன ஏத்துனா தாங்குமால?”

“முன்னால போட்டா ஸ்டீரிங் இழுக்குமே?”

“இழுக்கும். இழுத்தாத்தான் நீ மெல்ல போவ.”

அந்தக் கடைசி வாக்கியத்தை எந்தக் கம்பெனிக் கையேட்டிலும் பார்க்க முடியாது. கார்களோடு கொடுக்கிற ஒல்லி ஸ்டெப்னியில் மணிக்கு 80 கி.மீ.க்கு மேல் போகாதே என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். ஒட்டினதை யார் படிக்கிறார்கள்? ஸ்டீரிங் இழுத்தால் கை தானாக உணரும். பையன் இரண்டு தடவை ஜாக்கி வைத்து மாட்டிக்கொண்டு போனான். டயர் எனக்குத் திரும்பி வந்தது.

வெள்ளம் வந்த அந்த ஒரு வாரம், இந்த ரோடு உமணர் காலத்து ரோடாகிவிட்டது. அடுத்த உதவி எங்கே என்று யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட நேரத்தில் சேமம் இல்லாதவன் நின்றான், அரைச் சேமம் வைத்திருந்தவன் மெல்லப் போனான். இதற்கு நேர் எதிராக, 2020 அக்டோபர் முதல் சின்னப் பயணிகள் கார்களுக்கு ஸ்டெப்னியே கட்டாயமில்லை என்று மத்திய அரசு விதியைத் திருத்தியது. டயர் காற்றைக் காட்டும் கருவியும் பஞ்சர் ஒட்டும் சாமானும் இருந்தால் போதும். நகரத்துக்கு அது சரியாகவே இருக்கலாம். உதவி தூரம் குறைந்தால் சேமமும் குறையும் என்ற பழைய விதிதான் அங்கே சட்டமாகியிருக்கிறது.

எங்கள் பக்கத்து டிரைவர்கள் அந்தச் சட்டத்தைப் படித்ததில்லை. ஆனாலும் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். ஏரல், கொற்கை வாழைத்தாரை தூத்துக்குடி சந்தைக்குக் கொண்டுபோக எந்த ஸ்டெப்னியும் போதும். அதே தாரைச் செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு வழியாகக் கொல்லத்துக்கு ஏற்றினால், முந்தின ராத்திரியே செட்டில் விசாரித்து, தன் நாலு டயருக்கும் ஒத்த ஸ்டெப்னி ஒன்றை யாரிடமாவது மாற்றி வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். உப்பு வழியில் நின்றால் கெடாது, தார் பழுத்துவிடும். மலையேற்றத்தில் கடையும் கிடையாது. வாடகை பேசும்போது எத்தனை டன் என்று கேட்பதற்கு முன்னால் எந்த ரோடு என்று கேட்கிறவர்கள்தான் இந்தத் தொழிலில் நீடிக்கிறார்கள்.